வலது கால் மேஜோடு

புதுச்சேரி நெல்லித்தோப்பில் மேஜோடு என்கிற காலுறை போட்ட கால்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாதா கோயில் பெரிய சாமியார் கால் இரண்டு. சைகோனில் சம்பாதித்துத் திரும்பிய ஒன்றிரண்டு வீட்டு ஆண்களின் கால்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும். மற்றவர்கள் மழைக்குச் சேற்றிலும் வெயிலுக்குப் புழுதியிலும் வெறுங்காலோடு நடந்துவிட்டு, வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு உள்ளே போகிறவர்கள். அப்படிப்பட்ட தெருவில் மில்லுக்கார புஷ்பமேரி மேஜோடு பின்ன உட்கார்ந்தாள் என்றால் தெரு சும்மா இருக்குமா? யானைக்குக் கோவணம் தைக்கிறாளா என்று கேட்டவர்கள்கூட உண்டு.

அவள் யாருக்காகப் பின்னினாள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. புருஷன் சகாயநாதனுக்குத்தான். கல்யாணமான மறுவருஷமே பிரான்சு பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறியவன், நான்கு வருஷம் கழித்து அந்த ஆவணி மாதம்தான் திரும்பியிருந்தான். ஊர் அவனை ‘சொல்தா’ என்று கூப்பிட்டது. பட்டாளத்துக்காரனுக்குப் புதுச்சேரியில் அதுதான் பேர்.

வந்தவன் சும்மா வரவில்லை. காலில் ஒரு புண்ணோடு வந்தான். பனி தேசத்துப் புண், தொட்டால் ஒட்டிக்கொள்ளும், காற்றுப் பட்டால் பெருகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். வலது காலை எப்போதும் துணி சுற்றியே வைத்திருந்தான். வெளியே கிளம்பினால் பூட்ஸ். வீட்டுக்குள் பாய் தனி, தட்டு தனி, குளிக்கப் போனால் தட்டி மறைவில் அவன் மட்டும். புஷ்பமேரியும் நம்பினாள். நம்பினது மட்டுமில்லை, பயந்தாள். அவன் துடைத்துக்கொண்ட துண்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் வெந்நீரில் போடுவாள். நான்கு வருஷம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாதா முன்னால் மெழுகுவத்தி ஏற்றி வரவழைத்த புருஷன், ஒரு கை தூரத்தில் படுத்திருந்தும் இல்லாத மாதிரிதான் இருந்தான். அந்த வருத்தத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

ஐப்பசி பிறந்ததும் ஒரு நல்ல சேதி வந்தது. கோர்ட்டில் வாசல் சேவகன் வேலை ஒன்று காலியாகிறது. பட்டாளத்தில் இருந்தவனாகப் பார்க்கிறார்கள். எழுத்தர்களுக்கெல்லாம் தலைவரான வெள்ளைக்காரரை அங்கே ‘கிரெப்பியே துரை’ என்பார்கள். அவர் சகாயநாதனைக் கூப்பிட்டு மேலும் கீழும் பார்த்தார். கல்லறைத் திருநாள் கழிந்த திங்கட்கிழமை வா, ஒரு வாரம் பார்க்கிறேன் என்றார். பூட்ஸும் வெள்ளை மேஜோடும் போட்டுக்கொண்டு, காலை எட்டு மணி முதல் துரைமார் கோர்ட்டைக் கலைத்து எழுந்து போகும்வரை வாசலில் விறைப்பாக நிற்க வேண்டும். உட்காரவோ சாயவோ கூடாது. நின்றால் வேலை.

நிற்காவிட்டால்? அதைச் சகாயநாதனே சொன்னான். சைகோனில் கிடங்குக் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள், தை மாதக் கப்பலில் போய்விட வேண்டியதுதான் என்றான். காலில் புண்ணோடு இருப்பவனுக்குப் புதுச்சேரியில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? மறுபடியும் கப்பலா என்றாள் புஷ்பமேரி. இந்தத் தடவை போனால் வரமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவனிடம் பட்டாளத்து மேஜோடு இரண்டு இருந்தன. இரண்டும் கந்தல். வெள்ளைக்காரத் தெருக் கடையில் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தான். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பை அவன் தட்டில் ஊற்றிக்கொண்டே, தானே பின்னித் தருவதாகச் சொன்னாள் புஷ்பமேரி. அவன் நிமிர்ந்து பார்த்தான். நூலெல்லாம் என் கைக்குப் புதுசா என்றாள் அவள்.

அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பத்து வருஷமாக அவள் மில்லில் நூல் சுற்றுகிற பகுதியில் வேலை பார்க்கிறவள். ராட்டினம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். புஷ்பமேரி போடும் முடிச்சு கடுகளவுகூட இருக்காது. விரல் இரண்டையும் சேர்த்து ஒரு சுண்டு, அவ்வளவுதான். முடிச்சு எங்கே என்று மேஸ்திரியே தேடுவார். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களை அவள் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள். பேச்சில் சாது; ஆனால் முடிச்சு என்று வந்தால் அவளுக்குத் தலைக்கனம் உண்டு.

நூல் சுற்றுவது வேறு, பின்னுவது வேறு என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று.

மூன்று வீடு தள்ளி ஸ்டெல்லாமேரி இருந்தாள். சைகோனில் புருஷனோடு இருந்துவிட்டுப் பிரசவத்துக்கு வந்தவள், பிள்ளைக்குக் குல்லா பின்னிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் ஒரு மத்தியானம் உட்கார்ந்து கண் போடவும் கண் வாங்கவும் கற்றுக்கொண்டாள். பின்னுகிறவர்கள் ஒவ்வொரு வளையத்தையும் கண் என்பார்கள். ஊசிக்குத் தெருமுனை சைக்கிள் கடை கண்ணையனிடம் போனாள். அவன் பழைய சக்கரக் கம்பி ஒன்றை எடுத்து, எதற்கு என்று கேட்டு, பதில் கேட்டு, சிரித்து முடித்த பிறகு ஐந்து துண்டாக வெட்டி இரண்டு முனையும் கல்லில் தேய்த்துக் கொடுத்தான். சொல்தாவுக்கு மேஜோடு பின்னின கையோடு என் சைக்கிளுக்கும் ஒரு ஜோடி பின்னிவிடு, மழையில் நனைகிறது என்றான்.

மில்லிலிருந்து ஒரு பிடி நூலைக்கூட வெளியே கொண்டுவர முடியாது. வாசலில் மடியை உதறிப் பார்ப்பார்கள். கடைத்தெருவில் கழிவு நூல் எடை போட்டு விற்பதை வாங்கினாள். அது ஒரு முழம், இரண்டு முழம் என்று துண்டு துண்டாகத்தான் இருக்கும். நாலு இழை சேர்த்து முறுக்கிக்கொண்டாள். துண்டு முடிகிற இடத்தில் அடுத்த துண்டை வைத்து விரலைச் சுண்டினாள். அதற்கு அவள் யோசிக்கக்கூட இல்லை. கை தானாகச் செய்தது.

யோசிக்க வேண்டியிருந்தது மற்றதற்கெல்லாம்தான். மில் பழக்கத்தில் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தாள். கம்பி கண்ணுக்குள் நுழையவே இல்லை. தளர விட்டாள், பத்து கண் ஒரேயடியாக நழுவிக் கீழே இறங்கிற்று. நாலு கம்பியில் வட்டமாகக் கண் போட்டு ஐந்தாவது கம்பியால் பின்னிக்கொண்டே போனால் குழாய் மாதிரி வரும் என்றாள் ஸ்டெல்லாமேரி. வந்தது, ஆனால் ஒரு முறுக்கு விழுந்து வந்தது. பிரித்தாள். மறுபடியும் போட்டாள். ஒரு சாண் குழாய் நேராக வருவதற்கு நாலு சாயங்காலம் ஆயிற்று. வெளியே மழை விடாமல் கொட்டியது. அடுப்பில் குழம்பு தீய்ந்ததுகூட ஒரு நாள் தெரியவில்லை.

குழாய்க்குப் பிறகு குதிகால். காலுறை நேராக வந்து அந்த இடத்தில் ஏன் திரும்புகிறது, எப்படித் திரும்புகிறது? ஸ்டெல்லாமேரிக்கும் தெரியாது; குல்லாவுக்குக் குதிகால் கிடையாதே. புஷ்பமேரி புருஷனின் பழைய மேஜோடுகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இடது கால் மேஜோட்டைக் கண் கண்ணாகப் பிரித்துப் பார்த்தாள். பிரித்ததைக் கம்பியில் ஏற்றித் திரும்பப் பின்னிப் பார்த்தாள். ஒரு பாதிக் கண்களை மட்டும் போகவரப் பின்னி, பிறகு ஓரத்திலிருந்து கண்களைப் பொறுக்கிச் சேர்த்திருந்தார்கள். சூட்சுமம் பிடிபட்டதும், எதிரில் யாரும் இல்லாவிட்டாலும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

பிரிக்கத் தொடங்கும்போதே இன்னொன்றும் கண்ணில் பட்டிருந்தது. இடது மேஜோட்டில் கட்டைவிரல் இடத்தில் ஓட்டை. அது எல்லா மேஜோட்டுக்கும் வருவதுதான். வலது மேஜோட்டில் விரல் பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. ஆனால் நடுப்பாதத்தில் குறுக்காகத் தேய்ந்து கிழிந்திருந்தது. புண்ணுக்காகக் காலை ஒருச்சாய்த்து வைத்து நடக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அளவெடுக்கக் காலைக் காட்டச் சொன்னதற்கு அவன், பழைய அளவுக்கே பின்னு போதும் என்று சொல்லிவிட்டான். அவள் இரண்டையும் ஒரே நீளத்துக்குப் பின்னினாள்.

கல்லறைத் திருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜோடி முடிந்தது. ஒன்று கொஞ்சம் இறுக்கம், ஒன்று கொஞ்சம் தொளதொளப்பு. மேல் விளிம்பு கோணல். ஆனாலும் மேஜோடுதான்; வேறு எதுவோ என்று யாரும் சொல்ல முடியாது. சகாயநாதன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பட்டாளத்தில் கொடுத்த ‘சொசேத்’துகூட இப்படி இல்லை என்றான். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அன்று ராத்திரி சோற்றை இன்னொரு கரண்டி அதிகமாகவே போட்டாள்.

திங்கட்கிழமை பூராவும் மில்லில் அவளுக்கு வாய் ஓயவில்லை. பக்கத்து ராட்டினத்தில் நின்றவள் கொளஞ்சி. அதே தெரு, அதே வயசு. கொளஞ்சியிடம் ஒன்றைச் சொன்னால் போதும், தவளக்குப்பம் சந்தைவரை தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். அவளிடம் புஷ்பமேரி குதிகால் திருப்பின கதையை மூன்று தடவை சொன்னாள்.

மில் சங்கு ஊதியதும், மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தபோது அவன் முன்னாலேயே வந்திருந்தான். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். நாள் எப்படிப் போயிற்று என்று கேட்டாள். நன்றாகப் போயிற்று, அசையாமல் நின்றேன், துரை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனார் என்றான். முகம் மட்டும் வெளுத்திருந்தது. பசியாக இருக்கும் என்று நினைத்தாள்.

தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போனாள். பூவரச மரத்தடியில் மண்தொட்டி ஒன்று பலகை போட்டு மூடியிருந்தது. காலையில் அது அங்கே இல்லை. பலகையை நகர்த்தினாள். தொட்டித் தண்ணீர் சிவப்பாக இருந்தது. அவள் பின்னின வலது கால் மேஜோடு அதில் கிடந்தது.

புண் உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஒட்டிக்கொள்ளுமே என்ற பயத்தில் கை ஒரு கணம் பின்வாங்கியது. பிறகு எடுத்துப் பிழிந்தாள். விரல் நுனிப் பக்கம் ஒரு கறையும் இல்லை. நடுப்பாதத்தில் மட்டும்தான், பழைய மேஜோடு தேய்ந்திருந்த அதே இடத்தில், குறுக்காகக் கறை. உட்புறத்தைத் திருப்பி அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினாள். விரலில் என்னவோ நெருடிற்று. இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவினாள். அங்கேயும் நெருடிற்று.

முடிச்சு. எல்லாம் அவள் முடிச்சு. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடுகு முடிச்சுகள் மேஜோட்டின் உள்பக்கம் பூராவும் இருந்தன. மில்லில் நூலைச் சுற்றி அனுப்பிவிட்டால் அது யார் தோளில் கிடக்கிறது, யார் இடுப்பில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு மனுஷன் அதன்மேல் நாள் முழுக்க நிற்பான் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஈர மேஜோட்டோடு உள்ளே வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“நாள் பூரா இத போட்டுக்கினுதான் நின்னீங்களா?”

“நின்னேன்.”

“குத்துச்சா?”

“கொஞ்சம்.”

“மத்தியானம் கழட்டிப் போட்டுட்டு வெறும் பூட்சோட நின்னிருக்கலாம் இல்ல. ஏன் கழட்டல?”

அவன் கை நீட்டி ஈர மேஜோட்டைத் தொட்டான்.

“நீ பின்னுனது” என்றான்.

அழுவதற்குப் பதிலாகப் புஷ்பமேரிக்குக் கோபம்தான் வந்தது. அவள் சுபாவம் அப்படி.

“கால காட்டுங்க.”

“ஒட்டிக்கும்னு சொன்னேன் இல்ல, மேரி.”

“ஒட்டிக்கினா ஒட்டிக்கினு போவுது. காட்டுங்க.”

அவன் அசையவில்லை. அவளே குனிந்து துணியைப் பிரிக்கத் தொடங்கினாள். அவன் கை ஒரு தடவை அவள் மணிக்கட்டைப் பிடித்தது, பிறகு விட்டுவிட்டது.

விரல்கள் இல்லை. ஐந்தும் இல்லை. பாதம் பாதியில் சட்டென்று முடிந்திருந்தது. முடிந்த இடத்தில் தோல் மெல்லிசாக, பிள்ளைத் தோல் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த விளிம்பில்தான் மூன்று இடத்தில் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. புண் என்று வேறு எதுவும் இல்லை. ஒட்டிக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை.

கோயிலில் சாயங்கால மணி அடித்தது. வழக்கமாக எழுந்து மங்கள வார்த்தை செபம் சொல்கிறவள் அன்று எழுந்திருக்கவில்லை.

மெதுவாகத்தான் சொன்னான். மலைமேல் ஒரு காவல் இடம். மார்கழிக் குளிருக்கும் அந்தக் குளிருக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு நாள் அவனை அங்கே நிறுத்திவிட்டுப் போனார்கள். இரண்டு மணி நேரத்தில் மாற்ற வேண்டிய ஆள் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான். விடிகிறவரை யாரும் வரவில்லை. இடது பூட்ஸ் நல்ல பூட்ஸ். வலது பூட்ஸில் அடியில் ஒரு வெடிப்பு. ஆஸ்பத்திரியில் விரல்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன, ஒவ்வொன்றாக எடுத்தார்கள்.

“சண்டையில போயிருந்தா சொல்லிக்கலாம்” என்றான். “ஊர்ல ஒவ்வொருத்தனும் குண்டு எங்க பட்டுதுன்னுதான் கேக்கறான். நான் இன்னா சொல்றது? நிக்கச் சொன்னாங்க, நின்னேன்னா?”

“ஊருக்குச் சொல்ல வேணாம். எங்கிட்ட?”

“உன்ன கட்டிக்கும்போது முழுக்காலு, மேரி.”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். இத்தனை நாளாகத் தட்டைத் தனியாகக் கழுவினதைச் சொன்னாள். துண்டை இரண்டு விரலால் தூக்கினதைச் சொன்னாள். கட்டின புருஷனைத் தொடப் பயந்த பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்ததைக்கூடச் சொன்னாள். எங்கே நிக்கச் சொன்னாலும் நிக்கறதுதான் உங்க பொழப்பா, காலு போனாலும் நிப்பீங்களா, ரத்தம் வந்தாலும் நிப்பீங்களா என்று கேட்டாள். அவனும் அழுகிறான் என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

எழுந்து போய்த் தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கிழிந்த இடங்களில் தடவினாள். தடவி முடித்ததும் ஒரு நூலை எடுத்தாள். குதிகாலிலிருந்து பாதம் முடிகிற இடம் வரைக்கும் வைத்துப் பார்த்தாள். பிறகு பாதத்தைச் சுற்றிப் பிடித்து அளந்தாள். அந்த இளந்தோலில் அவள் விரல் பட்டபோது அவன் காலைச் சட்டென்று இழுத்தான், பிறகு மறுபடி அவள் மடியிலேயே வைத்தான். வலிக்கிறதா என்றாள். இல்லை என்றான்.

செவ்வாய்க்கிழமை காலையில் பழைய வேட்டித் துணியை மெத்தென்று சுற்றி, அதன்மேல் பூட்ஸை மாட்டி அனுப்பினாள். வலது மேஜோட்டைக் குதிகால்வரை பிரித்துவிட்டாள். இந்தத் தடவை முடிச்சே கூடாது. ஆனால் நூல் அதே துண்டு நூல்தான். முடிச்சில்லாமல் எப்படிச் சேர்ப்பது?

பத்து வருஷம் முடிச்சுப் போட்ட கை அது. துண்டு முடிகிற இடத்துக்கு வந்தால் விரல் தானாகச் சுண்டப் போகும். அவள் இழுத்துப் பிடிப்பாள். மில்லில் மத்தியானக் கூழைக் குடித்துவிட்டு, புளிய மரத்தடியில் உட்கார்ந்து, மில் தரையில் பொறுக்கிய கழிவு இழைகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். நாலு இழை சேர்ந்ததுதானே வீட்டில் இருக்கும் நூல்? நாலும் ஒரே இடத்தில் முடியாவிட்டால்? முதல் இழையை இங்கே முடியவிட்டு அங்கேயே புது இழையைச் சேர்த்து முறுக்கினாள். இரண்டாவதை ஒரு சாண் தள்ளி. மூன்றாவதை இன்னும் ஒரு சாண் தள்ளி. விரலில் வைத்துத் தடவினாள். ஒன்றும் நெருடவில்லை. கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். அங்கேயும் நெருடவில்லை. பக்கத்தில் இருந்த கொளஞ்சி, இவளுக்கு என்ன கிறுக்கா என்று பார்த்தாள்.

வியாழக்கிழமை அது முடிந்தது. குதிகால் தாண்டியதும் சீக்கிரமே கண்களைக் குறைத்து மூடிவிட்ட, கட்டையான மேஜோடு. இடது கால் மேஜோட்டைப் பிரித்துப் பின்ன நேரமில்லை. அதை அப்படியே உள்ளும் புறமுமாகத் திருப்பி, முடிச்சுகள் வெளியே தெரிகிற மாதிரி அவனுக்கு மாட்டிவிட்டாள். பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருந்தது. பூட்ஸுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை நின்றான். சனிக்கிழமையும் நின்றான். சனிக்கிழமை சாயங்காலம் மில் விட்டு அவள் வந்தபோது அவன் வாசலிலேயே காத்திருந்தான். கையில் பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டு. அதைத் துரை சும்மா கொடுக்கமாட்டார். புஷ்பமேரி கோட்டை வாங்கிப் பார்க்கவில்லை. முதலில் குனிந்து பூட்ஸைக் கழற்றி, மேஜோட்டை உருவி, உட்புறத்தைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது, வெள்ளையாக இருந்தது. அதற்கப்புறம்தான் கோட்டைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிறபோது மழை விட்டு வெயில் அடித்தது. தெருவே துணி உலர்த்தியது. வாசலுக்கு வாசல் கயிறு கட்டி, சேலையும் வேட்டியும் பாவாடையும் தொங்கின. புஷ்பமேரியும் எல்லாவற்றையும் அலசிப் போட்டாள். மேஜோடுகளை மட்டும் பிழிந்து, யாருக்கும் தெரியாமல் உள்ளே அடுப்புக்கு மேல் கொடியில் போடக் கொண்டுபோனாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிடும்.

சகாயநாதன் அவற்றை அவள் கையிலிருந்து வாங்கினான். காலில் துணி சுற்றியிருந்தான், பூட்ஸ் இல்லை. குதிகாலை ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து வாசலுக்குப் போனான். தெருக் கயிற்றில் சேலையைத் தள்ளி இடம் பண்ணி முதலில் நீளமானதைத் தொங்கவிட்டான். பக்கத்திலேயே கட்டையானதைத் தொங்கவிட்டான். புஷ்பமேரி வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள். கூப்பிடலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொளஞ்சி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். வேறு யார் வருவார்கள்? கயிற்றைப் பார்த்தாள், நின்றாள், குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

“ஏன்டி மேரி, இத்தினி நாளு பின்னிட்டு இப்படிப் பண்ணிட்டியே. ஒண்ணு நீட்டு, ஒண்ணு குட்ட. அளவு எடுக்கத் தெரியலியா ஒனக்கு?”

புஷ்பமேரி வாயைத் திறப்பதற்குள் அவன் திரும்பினான்.

“அளவெல்லாம் சரியாத்தான் எடுத்திருக்கா, கொளஞ்சி” என்றான். “என் காலு அம்மாந்தான்.”

கொளஞ்சி ஒரு தடவை மேஜோட்டைப் பார்த்தாள், ஒரு தடவை துணி சுற்றின காலைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். சேலை காற்றில் ஆடி மேஜோடுகளை மறைத்தது. கொளஞ்சி சேலையைக் கயிற்றின் ஓரத்துக்குத் தள்ளி, வெயில் படுகிற மாதிரி இரண்டையும் சரியாக இழுத்து விட்டுவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.